பொற்பதக்கம் கைமாறிய கதை

பட்டமளிப்பு விழாக்களிலே அவையோர் ஆவலோடு காத்திருக்கும் கட்டம் ஒன்றுண்டு. வைத்திய பீடத்தின் பொற்பதக்கங்களைப் பெறுவோரின் பெயர்கள் வாசிக்கப்படும் கட்டம் அது. சத்திரசிகிச்சைக்கு ஒருவர், மகப்பேற்று வைத்தியத்துக்கு ஒருவர், இறுதிப் பரீட்சையில் முதன்மை எய்தியமைக்கு ஒருவர் எனப் பெயர்கள் வரும். மண்டபம் கரவொலியால் அதிரும். பெற்றோர் கண்கலங்குவர். மறுநாட் பத்திரிகையிலே படம் வெளியாகும். உழைப்புக்கும் அறிவுக்கும் சமுதாயம் செலுத்தும் மரியாதை இது. இதனைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. இக்கட்டுரையின் நோக்கமும் அதுவன்று.

ஆயினும் வரலாற்றைக் கற்போன் ஒரு வினாவை எழுப்பியே தீரவேண்டும். பரீட்சையிலே முதலாவதாக வந்தவருக்கே பரிசு என்பது விதி. அவ்விதி எந்நாளும் எல்லோருக்கும் ஒரே விதமாகச் செல்லுபடியாயிற்றா? புள்ளிகள் ஒருவர் பக்கமும் பதக்கம் மற்றொருவர் கையிலுமாக நின்ற சந்தர்ப்பங்கள் வைத்தியக் கல்வியின் வரலாற்றிலே உண்டு. அவற்றுள் இரண்டை இங்கு நோக்குவோம். ஒன்று எடின்பரோ நகரிலே நிகழ்ந்தது. மற்றையது ஏறத்தாழக் கால் நூற்றாண்டின் பின் கல்கத்தாவிலே நிகழ்ந்தது. முந்தியதிலே பரிசைப் பறித்தவர்கள் பேராசிரியர்கள். பிந்தியதிலே பறித்தவர்கள் உடன் கற்ற மாணவர்கள். நமது சிந்தனைக்கு உரியது இவ்வேறுபாடே.

1869ஆம் ஆண்டில் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்னும் பெண்மணியும் அவர்தம் தோழியரும் எடின்பரோப் பல்கலைக் கழகத்திலே வைத்தியம் கற்க அனுமதி பெற்றனர். ஐவராகத் தொடங்கிய அக்குழு பின்னர் எழுவராயிற்று. அனுமதி கிடைத்தது என்பதைவிட, வாசற்படிவரை வர விட்டார்கள் என்பதே பொருத்தமாகும். ஆடவரோடு ஒரே வகுப்பில் அவர்கள் அமர்தல் கூடாது. அவர்களுக்கென வேறு நேரத்தில் வகுப்பு நடத்த விரும்பும் பேராசிரியர் நடத்தலாம். விரும்பாதவரை எவரும் வற்புறுத்த முடியாது. தனிவகுப்புக்கு மிகைக் கட்டணமும் அறவிடலாம். இவையே நிபந்தனைகள்.

இரசாயனத்தைக் கற்பித்த பேராசிரியர் குறம் பிறவுண் தனிவகுப்பு நடத்த இசைந்தார். ஆடவர் கேட்ட அதே விரிவுரைகளையே பெண்களும் கேட்டனர். அதே பரீட்சைக்கே தோற்றினர். 1870ஆம் ஆண்டின் இளவேனிலில் முடிவுகள் வெளியானபோது, முதன்முறையாக அப்பரீட்சைக்குத் தோற்றிய மாணவர் அனைவருள்ளும் தலைசிறந்து நின்றவர் ஈடித் பீச்சி என்னும் இருபத்துநான்கு வயது நங்கை. கிறிஸ்தவ மதகுரு ஒருவரின் மகள் அவர். அவ்வாறு முன்னணியில் நின்ற மாணவருக்குரியது ஹோப் புலமைப்பரிசில். பல்கலைக் கழக ஆய்வுகூடத்தைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமையை அது அளித்தது.

அப்பரிசில் பீச்சிக்குக் கொடுக்கப்படவில்லை. பட்டியலில் அவருக்குக் கீழே நின்ற ஆடவருக்குச் சென்றது. பெண்கள் தனிவேளையில் பயின்றபடியால் அவர்கள் 'வகுப்பைச்' சேர்ந்தவர்கள் அல்லர் என்பது பேராசிரியர் கூறிய நியாயம். எவ்வளவு நுட்பமான தருக்கம்! ஆடவரோடு அமர்தல் ஆகாது என விலக்கி வைத்தவர்களும் அவர்களே. அமராதபடியால் உரிமையில்லை எனத் தீர்ப்பளித்தவர்களும் அவர்களே. தீண்டாதோர் எனச் சிலரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே வந்து தொழாதபடியால் இவர்கள் பக்தியற்றோர் என்று பழிசுமத்திய நம்மூர்ப் பெரியோரின் வாதம் நினைவுக்கு வருகிறது.

விடயம் பல்கலைக் கழகச் செனற் சபைக்குச் சென்றது. பெண்களும் வகுப்பைச் சேர்ந்தவர்களே எனக் கொண்டு, ஏனைய மாணவருக்கு வழங்கும் சான்றிதழையே அவர்களுக்கும் வழங்கவேண்டுமென ஒரு வாக்கு மிகையால் அச்சபை தீர்மானித்தது. பீச்சிக்குப் புலமைப்பரிசில் கிடையாது என்பதையும் அச்சபையே, அதுவும் ஒரு வாக்கு மிகையாலேயே, தீர்மானித்தது. வகுப்பைச் சேர்ந்தவர்கள், ஆனால் பரிசுக்கு உரியரல்லர். கற்றோர் அவையொன்று தன்னைத்தானே இவ்வளவு வெளிப்படையாக மறுத்துக்கொண்டது அருமையே.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் கூறாமல் அப்பாற் செல்லுதல் இயலாது. அந்தப் புலமைப்பரிசிலின் மூலதனம் எங்கிருந்து வந்தது? அதனை நிறுவிய பேராசிரியர் ஹோப், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன், நகரத்துச் சீமாட்டிகளுக்கு இரசாயன விரிவுரைகள் ஆற்றினார். அச்சீமாட்டிகள் செலுத்திய கட்டணப் பணத்திலிருந்தே அந்நிதி உருவாயிற்று. பெண்களின் பணம் பெண்ணின் பரிசாதல் மாத்திரம் பொறுக்கவொண்ணாததாயிற்று!

பரிசில் மறுக்கப்பட்ட செய்தி பிரித்தானியப் பத்திரிகைகளிலே பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பீச்சி அந்த ஆய்வுகூடச் சலுகையைப் பெற்றிருந்தால் அவர் பெயரைச் சில இரசாயன மாணவர்கள் மாத்திரமே அறிந்திருப்பர். மறுக்கப்பட்டபடியால் நாடே அறிந்தது. ஆனால், பகையும் கூடவே வளர்ந்தது. 1870 நவம்பர் 18ஆந் தேதி, உடற்கூற்றியற் பரீட்சை எழுதுவதற்காகச் சத்திரவைத்தியர் மண்டபத்துக்கு வந்த பெண்களை நூற்றுக்கணக்கானோர் வழிமறித்தனர். சேற்றை வாரி எறிந்தனர். வாயிற்கதவை முகத்தில் அறைந்து சாத்தினர். பரீட்சை நடந்துகொண்டிருக்கையிலே செம்மறியாடொன்றை மண்டபத்தினுள் தள்ளிவிட்டனர். அவ்வாட்டை வெளியேற்ற வேண்டாம், அனுப்பியவர்களைவிட அதற்கு அறிவு அதிகம் என்று ஆசிரியர் சொன்னதாக ஒரு செய்தி வழங்குகிறது. உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டவனும் ஒரு மாணவனே. அதன்பின் நாள்தோறும் அப்பெண்களுக்குக் காவலாக வீதியிலே நடந்துவந்தவர்களும் மாணவர்களே என்பதையும் நேர்மைக்காகக் குறிப்பிட வேண்டும். 1873இல் நீதிமன்றம் பல்கலைக் கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. எழுவரும் எடின்பரோவிலே பட்டம் பெறவில்லை. பீச்சி, சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரிலே 1877இல் வைத்தியப் பட்டம் பெற்று, 1883இல் பம்பாய்க்குப் புறப்பட்டார். அங்கு காமா வைத்தியசாலையிலே இந்தியப் பெண்களுக்கு மருத்துவம் செய்தார். ஆடவருக்கும் பெண்டிருக்கும் சமசம்பளம் வேண்டுமென வாதாடினார்.

இனிக் கல்கத்தாவுக்கு வருவோம்.

ஹைமவதி, இன்று வங்காளதேசத்தில் உள்ள குல்னாப் பகுதியிலே, 1866ஆம் ஆண்டளவில், நிலவுடைமைக் காயஸ்த குடும்பம் ஒன்றிலே பிறந்தவர். தந்தையின் செல்லப் பெண். ஆண்பிள்ளைகளுக்கு ஆசிரியர் பாடஞ் சொல்லும்போது அருகிருந்து கேட்டே எழுத்தறிவு பெற்றார். படித்த பெண் கைம்பெண் ஆவாள் என்னும் நம்பிக்கை அன்றைய வங்காளத்து வீடுகளிலே வேரூன்றியிருந்தது. ஒன்பதரை வயதில், முன்னரே மனைவியரை இழந்திருந்த நாற்பத்தைந்து வயது அரசாங்க அதிகாரி ஒருவருக்கு அவரை மணஞ்செய்து கொடுத்தனர். அவ்வீட்டிலே அச்சிறுமி கண்ட அருவருப்புகளையெல்லாம் பிற்காலத்தில் அவரே மறையாது எழுதியிருக்கிறார். ஓராண்டு முடியுமுன் கணவர் இறந்தார். பத்து வயதிலே ஹைமவதி கைம்பெண்.

பெற்றோரும் மறைந்தபின் அவருக்குச் சொத்தும் இல்லை, புகலிடமும் இல்லை. கைம்பெண்களின் கடைசிப் போக்கிடமாகிய காசிக்குச் சென்றார். அங்கு சிறுமியர் பாடசாலையொன்றிலே கற்பித்தார். பின்னர் கல்கத்தாவுக்கு வந்து பிரம சமாசத்தாரின் ஆதரவைத் தேடினார். கைம்பெண் மறுமணத்தை ஆதரித்த அச்சமாசத்தைச் சேர்ந்த குஞ்சவிகாரி சென் என்பவரை 1890இல் மணந்தார். கணவர் சமயப் பிரசாரகர். ஆன்மிக நாட்டம் மிகுந்தவர், வருவாய் குறைந்தவர். எனவே குடும்பத்தின் பட்டினியைப் போக்கும் பொறுப்பு மனைவியின் தோளிலே விழுந்தது. சீர்திருத்தவாதிகளின் இல்லங்களிலும் அடுப்பு தானாக எரிவதில்லை. சமையலையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டே அவர் சீல்டாப் பகுதியிலிருந்த காம்பெல் வைத்தியப் பள்ளியிலே சேர்ந்தார்.

அப்பள்ளியின் தன்மையை அறிந்தாலன்றிப் பின்நிகழ்ந்தவை விளங்கா. பிரித்தானிய இந்தியாவின் வைத்திய உலகம் ஒரு படிக்கட்டாக அமைந்திருந்தது. உச்சியிலே இந்திய வைத்திய சேவை; அது பெரும்பாலும் வெள்ளையரின் உடைமை. அதன்கீழ், கல்கத்தா வைத்தியக் கல்லூரி போன்றவற்றிலே ஆங்கிலத்திற் கற்றுத் தேறிய உதவிச் சத்திரவைத்தியர்கள். அதற்கும் கீழே, தாய்மொழியிற் கற்றுச் சான்றிதழ் பெற்ற வைத்தியசாலை உதவியாளர்கள். காம்பெல் பள்ளி இக்கடைசிப் படிக்கு ஆட்களைத் தயாரித்தது. அங்கே கற்பிக்கும் மொழி வங்காளம்.

தாய்மொழியில் மேனாட்டு வைத்தியம் என்றவுடன் ஈழத்து வாசகருக்கு மானிப்பாய் நினைவுக்கு வருதல் இயல்பே. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், ஆங்கிலத்தில் வைத்தியங் கற்ற இளைஞர்கள் கிராமத்தை விட்டு உத்தியோகம் தேடிச் செல்வதைக் கண்டு, தமிழிலே கற்பிக்கலானார். மனுஷ அங்காதிபாதம், இரண வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அவரது முயற்சியும் வங்காளத்து முயற்சியும் நோக்கத்தில் ஒன்றல்ல. ஆனால், பயனில் ஓர் ஒற்றுமை உண்டு. ஆங்கிலத்தின் வாயிலிலே தடுக்கப்பட்டிருக்கக் கூடியவர்களுக்குத் தாய்மொழி கதவைத் திறந்தது. பள்ளிக்கூடப் படியை முறையாக மிதித்தறியாத ஹைமவதி போன்றோர் உடற்கூற்றியலைக் கற்க முடிந்தது வங்காளத்திலே கற்பித்தபடியாலேயே.

அக்கதவினூடாகவே ஏழை ஆடவரும் நுழைந்தனர். ஆங்கிலக் கல்லூரியின் கட்டணத்தைக் கட்ட முடியாத குமாஸ்தாக்களின் பிள்ளைகள், சிறு நிலக்காரரின் பிள்ளைகள் அவர்கள். படிப்பு முடிந்தால் கிடைப்பது எங்கோ ஒரு மாவட்ட மருந்தகத்தில் சொற்பச் சம்பளமும், தலைக்குமேல் இரண்டு அடுக்கு அதிகாரிகளும். பள்ளியிலே முதன்மை எய்துதல் ஒன்றே அவர்களுக்கிருந்த ஏணி. அதே வேளையில், 1885இல் டவ்ரின் சீமாட்டியின் பெயரால் தொடங்கிய நிதி, பெண் வைத்தியர்களை உருவாக்கும் பொருட்டு மாணவியருக்கு உதவித்தொகைகளை அளித்துவந்தது. தமக்கில்லாத பண உதவி பெண்களுக்குக் கிடைக்கின்றதே என்னும் புகைச்சல் அவர்கள் உள்ளத்தில் முன்னரே மூண்டிருந்தது.

இந்நிலையில், பரீட்சையிலே முதலிடத்தை ஹைமவதி பெற்றார். பள்ளியின் பொற்பதக்கம் அவருக்குரியதாயிற்று.

மாணவர்கள் கொதித்தெழுந்தனர், வகுப்புகளைப் பகிஷ்கரித்தனர். எதிர்ப்பு வன்செயலாகவும் மாறியது. பள்ளி நிருவாகத்துக்குத் தலையிடி உண்டாயிற்று. புள்ளிகளிலே எவரும் பிழை காணவில்லை. பரீட்சையிலே மோசடி நடந்ததென்றும் எவரும் நிரூபிக்கவில்லை. ஆயினும், கடைசியில் ஓர் இணக்கம் காணப்பட்டது. பொற்பதக்கம் ஆண் மாணவனுக்கு. ஹைமவதிக்கு வெள்ளிப் பதக்கமும், மாதம் 30 ரூபா உதவித்தொகையும். ஹைமவதி அதனை ஏற்றுக்கொண்டார்.

ஏன் ஏற்றார் என்று கேட்கும் உரிமை வயிறார உண்டவர்க்கு இல்லை. மாதம் 30 ரூபா என்பது அக்குடும்பத்தின் அரிசி, அவரது படிப்பின் தொடர்ச்சி. தங்கத்தை விட்டுக்கொடுத்ததை அவரது பெருந்தன்மை என்று புகழ்வோரும் உளர். அது பெருந்தன்மையன்று, வறுமையைத் துணைக்கழைத்து நிருவாகம் செய்த பேரம். நீதி எதுவென ஐயத்துக்கிடமின்றித் தெரிந்திருந்த வேளையில் அதனைப் பங்குபோட்டு இருசாராரையும் சமாதானப்படுத்தியதாகக் காட்டிக்கொள்வது குடியேற்ற ஆட்சி நன்கு பழகிய வித்தை.

ஆனால், அம்மாணவர்களை வெறும் மூடர் என்றோ கொடியர் என்றோ ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. அவர்களது சினத்துக்குக் காரணம் இருந்தது. அச்சினம் சென்ற திசையே பிழை. இந்திய வைத்திய சேவையின் உயர்பதவிகளை வெள்ளையர் வளைத்துக்கொண்டதை எதிர்த்து அவர்கள் வகுப்பைப் பகிஷ்கரித்ததாக நாம் அறியோம். தாய்மொழியிற் கற்றவனுக்குக் குறைந்த சம்பளம் என்னும் அநீதியை எதிர்த்தும் அவர்கள் வீதிக்கு வரவில்லை. இரண்டு படி மேலே நின்றவனின் காலைப் பிடிக்க இயலாதவன், தன்னருகே ஏறி வந்தவளின் கையைத் தட்டிவிட்டான். எடின்பரோப் பேராசிரியர்கள் தமக்குரிய அதிகாரத்தைக் காக்கவே பரிசைப் பறித்தனர். அதை விளங்கிக்கொள்வது எளிது. காம்பெல் மாணவர்களோ தமக்கில்லாத அதிகாரத்தின் காவற்காரராயினர். அடக்கப்பட்டோரிடையே வேலிபோடுவது ஆள்வோரின் தந்திரம் என்று நாம் மேடைகளிற் பேசுகிறோம். அவ்வேலியைப் பல சமயங்களில் நாமே சொந்தச் செலவிற் போட்டுக் கொடுக்கிறோம் என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை.

ஹைமவதிக்கு நேர்ந்தது தனித்த விபத்தும் அன்று. அவருக்குச் சில ஆண்டுகள் முன்னர், கல்கத்தா வைத்தியக் கல்லூரியிலே ஆங்கிலத்திற் கற்ற காதம்பினி கங்கூலியை, பெண்கள் வைத்தியங் கற்பதை விரும்பாத வங்காளப் பேராசிரியர் ஒருவர் தமது பாடத்தில் தவறச் செய்தார். அதனாலே பல்கலைக் கழகப் பட்டத்துக்குப் பதிலாக 1886இல் கல்லூரியின் பட்டமே அவருக்குக் கிடைத்தது. 1891இல் 'வங்கவாசி' என்னும் பழைமைவாதப் பத்திரிகை அவரைப் பரத்தையென மறைமுகமாக இழித்தெழுதியது. காதம்பினி வழக்குத் தொடர்ந்து வென்றார். பத்திரிகாசிரியர் ஆறு மாதம் சிறை சென்றார். காதம்பினிக்கு வழக்காட வழியிருந்தது; பிரம சமாசத்தின் செல்வாக்குள்ள தலைவர் ஒருவர் அவரது கணவர். ஹைமவதிக்கு அத்தகைய பின்பலம் இல்லை. பெண்ணென்ற வகையில் இருவரும் ஒரே அநீதிக்கு ஆளானார்கள். ஆனால், அதை எதிர்த்து நிற்கும் வலிமையை வர்க்கமே பங்கிட்டுக் கொடுத்தது.

மறுபுறம், பரிசு உரியவர் கையிலேயே சேர்ந்த வரலாறும் உண்டு. சென்னை வைத்தியக் கல்லூரி 1875இலேயே பெண்களுக்கு இடமளித்தது. அங்கு கற்ற ஆங்கில மாது மேரி ஷார்லீப், 1882இல் லண்டன் பல்கலைக் கழகப் பட்டப் பரீட்சையிலே மகப்பேற்று வைத்தியத்துக்கான பொற்பதக்கத்தைப் பெற்றார். எடின்பரோ மூடிய கதவுக்கு மாற்று வழி சென்னையினூடாகச் சென்றது என்பது சுவையான செய்தி. அதே சென்னைக் கல்லூரியிலே, புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி, 1912இல் பதக்கங்களோடும் பரிசுகளோடும் தேறினார். அவரது தாயார் தேவதாசி மரபினர். சாதியும் பாலும் சேர்ந்து எழுப்பிய மதில்களைக் கடந்து வந்த அவர், பின்னாளிலே சென்னைச் சட்டசபையில் அமர்ந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியதும், 1954இல் அடையாற்றிலே புற்றுநோய் வைத்தியசாலையை நிறுவியதும் யாவரும் அறிந்தவை.

வெள்ளிப் பதக்கம் பெற்ற ஹைமவதி என்ன ஆனார்? 1894இல் சான்றிதழ் பெற்று, ஹூக்ளியிலே டவ்ரின் சீமாட்டி பெயரிலமைந்த மாதர் வைத்தியசாலைக்கு வைத்தியராகச் சென்றார். அங்கும் மேலதிகாரிகள் ஆடவரே. அவர்களது தொல்லைகளையும் அவர் பதிவு செய்துள்ளார். பிரசவ வேதனையிற் கிடந்த பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுமியர் அவர் முன் கொண்டுவரப்பட்டனர். அவர்களிலே தம்மையே அவர் கண்டிருக்க வேண்டும். உழைத்த பணத்தைக் கணவரிடம் கொடுத்தார். விடியுமுன் எழுந்து சமைத்துவிட்டு நோயாளரைப் பார்க்கச் சென்றார். ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். கைவிடப்பட்ட குழந்தைகள் எத்தனையோ பேருக்குத் தம் வீட்டிலே இடங்கொடுத்தார். 1933இல் மறைந்தார்.

இவையெல்லாம் பழங்கதை, பரீட்சைத்தாளுக்கு ஆணென்றும் பெண்ணென்றும் இப்போது தெரியாது என்பார் உளர். 2018ஆம் ஆண்டில் யப்பானிலே தோக்கியோ வைத்தியப் பல்கலைக் கழகம், அனுமதிப் பரீட்சையிலே பெண்களின் புள்ளிகளைப் பல்லாண்டுகளாகத் திட்டமிட்டுக் குறைத்து வந்ததை ஒப்புக்கொண்டது. பெண்கள் மணமுடித்துப் பிள்ளை பெற்றால் தொழிலை விட்டுவிடுவர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். காம்பெல் பள்ளியிலே முதலில் புள்ளியைக் கொடுத்துவிட்டுப் பின்னர் பதக்கத்தைப் பறித்தார்கள். தோக்கியோவிலே புள்ளியையே பறித்துவிட்டபடியால் கூச்சலுக்கு இடமில்லாது போயிற்று. இயந்திரம் திருந்தியிருக்கிறது, அவ்வளவே.

எடின்பரோ தன் தவறை ஒருவாறு ஒப்புக்கொண்டது. 2019 யூலையிலே அப்பல்கலைக் கழகம் எழுவருக்கும் இறப்பின் பின்னான கௌரவ வைத்தியப் பட்டங்களை வழங்கியது. அங்கு அப்போது பயின்றுகொண்டிருந்த மாணவியர் அவர்கள் சார்பிலே மேடையேறி அவற்றை ஏற்றனர். பீச்சி இறந்து 111 ஆண்டுகள் கடந்திருந்தன.

ஹைமவதிக்கு அத்தகைய விழா எதுவும் எடுக்கப்பட்டதாக நான் அறியேன். அவரைப்பற்றி நாம் இவ்வளவு அறிவதற்குக் காரணம், வயது சென்றபின் அவர் தம் வாழ்வை எழுதிவைத்தமையே. குடும்பத்தாரிடம் பல பத்தாண்டுகள் கிடந்த அந்தக் கையெழுத்துப் பிரதி, 2000ஆம் ஆண்டிலே ஆங்கில மொழிபெயர்ப்பாக அச்சேறி உலகுக்குத் தெரியவந்தது. அவர் அதனை எழுதியது, உடற்கூற்றியலைக் கற்ற அதே வங்காளத்திலே.